எடைப் பெட்டியில் டேப் விசை

கணியம்பாடி
8 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டால், "செத்தா சொல்லி அனுப்பறேன்" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. என் தட்டச்சுப் பள்ளி ஆண்டு விழாவில் உங்கள் எடைப் பெட்டியைப் பற்றி நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னேன். அதற்காக இலையில் சோறு விழுந்த பிறகு எழுந்து போனீர்கள். இரண்டு வருடமாக என் போனை எடுப்பதில்லை. சமாதானத்துக்காக இதை எழுதவில்லை. ஒரு வேலை இருக்கிறது, அதற்காக எழுதுகிறேன்.

கோவிலூர் தேவயானியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லாத பெண். என்னிடம் தட்டச்சு படித்தாள், பிறகு கம்ப்யூட்டரும் படித்தாள். திரையில் எந்த இடத்தில் இருக்கிறோம், அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பதைக் காதில் வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள். மலைமேல் உங்கள் ஊர் உழவர் கொள்முதல் மையத்தில் எடைப் பதிவாளர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். புளி வரத்து தொடங்கியதும் ஒரு நாள் அவளை உட்கார வைத்துப் பார்ப்பதாகச் செயலாளர் சதீஸ்குமார் சொல்லியிருக்கிறார். யார் உதவியும் இல்லாமல் பதிந்தால் வேலை உண்டு. இல்லையென்றால் வேறு ஆள்.

அங்கே ஓடுவது நீங்கள் எழுதிய மென்பொருள். அதை இங்கே போட்டு அவளை உட்கார வைத்தேன். பெயர், ஊர், பொருள் என்று ஒவ்வொரு கட்டமாக ரீடர் வாசித்துக்கொண்டே வந்தது. எடையைப் பதிகிற கட்டமான உங்கள் எடைப் பெட்டிக்குள் நுழைந்தாள், ரீடர் ஊமையாகிவிட்டது. அடுத்த கட்டத்துக்குத் தாவ டேப் விசையைத் தட்டினாள். வெளியே வர முடியவில்லை. திரும்பத் திரும்பத் தட்டிவிட்டு, "மேடம், செவுத்துல மோதிக்கினேன்" என்றாள். கம்ப்யூட்டரையே அணைத்துத்தான் மீட்டேன்.

ஒன்று, பெட்டியைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் அதை எடுத்துவிட்டு, எல்லோரும் வைக்கும் ஆயத்தப் பெட்டியை வைக்கலாம். என் பழைய மாணவன் அஜய் ஒரே நாளில் வைத்துத் தருகிறேன் என்கிறான்.

பாஞ்சாலி

-

நம்மியம்பட்டு
12 ஜனவரி 2025

பாஞ்சாலிக்கு,

ஒரு வார்த்தை சொன்னாளாம். "எங்க அண்ணன் கட்டின வூட்டுக்கு வாசல் ஒண்ணுதான், உள்ள போனா வர முடியாது" என்று நீ சொல்ல, ஒலிபெருக்கி அதை ஊருக்கே சொன்னது. அது ஒரு வார்த்தையா?

அஜய் ஒரே நாளில் வைத்துத் தருவானாம். அவன் எடை மேடைப் பக்கம் வந்திருக்கிறானா? சிங்காரம் மேடைக்குப் பக்கத்தில் நின்று எடையைக் கூவுவான். ஒரு முறைதான் கூவுவான். கூவிய எடையைத் திருப்பிச் சொன்னால் விளைச்சல் குறையும் என்பது அவன் அப்பன் காலத்திலிருந்து அவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை. பதிகிறவனின் இடது கை மூட்டையின் வாயைப் பிடித்திருக்கும், சீட்டுக் கட்ட வேண்டும் அல்லவா. மிச்சம் இருப்பது வலது கை மட்டும். அந்தக் கைக்கு எண் விசைகள், பக்கத்தில் என்டர். எண்ணைத் தட்டி என்டரைத் தட்டினால் அடுத்த மூட்டை. இவ்வளவுதான் வேலை, இவ்வளவுதான் என் பெட்டி.

ஆயத்தப் பெட்டியில் இது நடக்காது. என்டர் ஒரு பக்கம் போகும், அம்புக்குறி ஒரு பக்கம் போகும், நடுவில் மவுஸைத் தேட வேண்டும். அதனால்தான் நானே ஒரு பெட்டி வரைந்தேன். ஒவ்வொரு கோட்டையும் நான் வரைந்தேன். எந்த விசையைத் தட்டினாலும் முதலில் என் பெட்டிக்குத்தான் வர வேண்டும் என்று எழுதினேன். டேப் விசை பலகையின் இடது ஓரத்தில் இருக்கிறது. மூட்டை உரசினாலே அழுந்திவிடும். அழுந்தினால் பதிகிற இடம் நகர்ந்துவிடும். அதனால் டேப் வந்தால் விழுங்கிவிடு என்று எழுதினேன். தெரிந்தே எழுதினேன். அது ஓட்டை இல்லை, தாழ்ப்பாள்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டே அகராதியை வைத்துப் படித்தேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நீ உட்பட.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள். என் பெட்டிக்குக் கண்ணே தேவையில்லை. பொங்கல் முடிந்து சாமை வரும் நாளில், திரையை அணைத்துவிட்டு நானே உட்கார்ந்து பதியப் போகிறேன். அதற்குப் பிறகு பேசு.

ராஜாக்கண்ணு

-

நம்மியம்பட்டு
23 ஜனவரி 2025

பாஞ்சாலிக்கு,

சொன்னபடி செய்தேன். திரையை அணைத்துவிட்டுச் சாமை எடை பதிந்தேன். நன்றாக நடந்தது. நடுவில் ஒரு சின்னத் தடங்கல். அது பிரிண்டரால் வந்தது, என் பெட்டியால் இல்லை.

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ராஜாக்கண்ணு

-

கணியம்பாடி
29 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்பே உங்கள் ஊர் மாதம்மாள் வந்துவிட்டாள். மகள் வீட்டுக்கு வந்தவள் என் பள்ளி வாசலில் உட்கார்ந்து, தன் சாமை மூட்டைகளின் கதையைச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ஒங்க அண்ணன் டிவிய அமுத்திட்டு, சாமி வந்தவராட்டம் நேரா பாத்துகினு குந்திகினாரு. சிங்காரம் கூவறான், இவரு தட்டறாரு. எல்லாரும் வேடிக்க பாக்கறோம். எல்லாத்தையும் தட்டிட்டு எழுந்து நின்னு, 'பாத்துக்கினீங்களா?'ன்னாரு. டிவிய போட்டாங்க. எம் மூட்ட ஒண்ணுகூட அதுல இல்ல. 'சிங்காரம், இன்னொரு வாட்டி சொல்லுடா'ன்னாரு. அவன் சொல்றான், 'நான் சொன்னா சொன்னதுதான். ஒம் பொட்டி இன்னா செவுடா?'ன்னு. சிரிச்சி சிரிச்சி வயிறே வலிச்சிப் போச்சி. அப்பறம் எல்லாத்தையும் தூக்கி மறுபடியும் எட போட்டாங்க. எனக்கு பஸ்ஸு போய்ட்ச்சி, நடந்தே வூடு போனேன்."

என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. பிரிண்டரில் காகிதம் தீர்ந்தது. அதைச் சொல்ல ஒரு செய்திக் கட்டம் திரையில் வந்து நின்றது. அணைந்த திரையில் அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்போதிலிருந்து நீங்கள் தட்டிய விசைகள் எல்லாம் அந்தக் கட்டத்துக்குப் போயின. என்டர் தட்டியதும் கட்டம் மூடிக்கொண்டது. ஆனால் ஃபோகஸ் உங்கள் பெட்டிக்குத் திரும்பவில்லை. அது வேறு ஏதோ பொத்தானில் போய் உட்கார்ந்துகொண்டது. மாதம்மாளின் மூட்டைகளை நீங்கள் காற்றில் தட்டியிருக்கிறீர்கள்.

ஃபோகஸ் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டுகிற விசை எந்தக் கட்டத்துக்குப் போய்ச் சேரும் என்பதுதான் அது. கண் உள்ளவன் அது எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்வான். தேவயானி உட்காரும் இடத்தில் நீங்கள் ஒரே ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தீர்கள். அதற்குள் மாதம்மாள் நடந்து வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

இதைச் சின்னத் தடங்கல் என்று எழுதிய உங்கள் துணிச்சலைப் பாராட்டுகிறேன்.

பாஞ்சாலி

-

நம்மியம்பட்டு
6 பிப்ரவரி 2025

பாஞ்சாலிக்கு,

மாதம்மாளுக்கு வாய் நீளம். நடந்து போனதாகச் சொன்னாளே, என் டீவீஎஸ்ஸில் பாதி வழி ஏற்றிப்போய் விட்டது யாராம்? கேள் அவளை.

போகட்டும். பெட்டி பேச வேண்டும், அவ்வளவுதானே? பேச வைத்துவிட்டேன். ஒன்றிலிருந்து நூறு வரை, கால், அரை, முக்கால் எல்லாவற்றையும் என் குரலிலேயே பதிந்து சேர்த்திருக்கிறேன். பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காற்று அடங்கும் நேரம் பார்த்துப் பதிந்தேன். எந்த விசையைத் தட்டினாலும் சொல்லும். மூட்டை முடிந்தால் சொல்லும். காகிதம் தீர்ந்தாலும் சொல்லும். பெரிய கம்பெனிக்காரன்கூட இப்படிச் செய்திருக்க மாட்டான். தமிழில், மலைக்காரன் பேசுகிற மாதிரி தெளிவாக இருக்கும்.

பென் டிரைவைக் காலைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொள். தேவயானியிடம் போட்டுக் காட்டு. அவள் என்ன சொன்னாள் என்பதை ஒரு எழுத்து விடாமல் எழுது. நீயாக எதையும் சேர்க்காதே.

ராஜாக்கண்ணு

-

கணியம்பாடி
11 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

ஒரு எழுத்து விடாமல் எழுதச் சொன்னீர்கள். போட்டுக் காட்டினேன். முதலில் வெகுநேரம் சிரித்தாள். பிறகு சொன்னது இது:

"ஒங்க அண்ணன் கொரல் நல்லாத்தான் கீது மேடம். ஆனா நான் எட்டு தட்டறேன், 'எட்டு!'ன்னு அதட்டறாரு. நான் இன்னா தப்பு பண்ணேன்? எங் காதுல ஏற்கனவே ஒருத்தி பேசிகினு கீறா, இவரும் கூட சேந்து பேசறாரு. மாமியாரும் மாமனாரும் சண்ட போட்டுக்கற வூட்ல குந்திகினு வேல செய்ற மாதிரி கீது. நான் கேக்காதப்ப பேசறாரு. எங்க கீறேன்னு கேட்டா பேச மாட்டறாரு."

"அவர பேச வாணாம்னு சொல்லுங்க. என் ரீடரே பேசிக்கும். அது ஒவ்வொரு கட்டத்தையும் மூணுதான் கேக்கும். நீ இன்னா, ஒம் பேரு இன்னா, ஒனக்குள்ள இன்னா கீது. மத்த கட்டமெல்லாம் பதில் சொல்லுது. இவரு பொட்டி மட்டும் பதிலே சொல்லாம கம்முனு கீது. பதில் சொல்லட்டும். அப்பறம் வெளிய போக ஒரு வழி வுடட்டும். எங்க கீறேன்னு தெரிஞ்சா போதும், வேகத்துல அவர நான் ஜெயிச்சிக் காட்டறேன்."

அவள் பேச்சு முடிந்தது. நானாக ஒன்றும் சேர்க்கக் கூடாது என்றீர்கள். ஆனாலும் ஒன்று. நீங்கள் உங்கள் கையால் வரைந்தது கண்ணுக்கு மட்டும் பெட்டி. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ஒரு படம்தான். சுவரில் மாட்டிய படத்திடம் பெயர் கேட்டால் எங்கிருந்து சொல்லும்?

சதீஸ்குமார் தேதி கொடுத்துவிட்டார், மார்ச் 8. அதற்குள் முடியாதென்றால் சொல்லிவிடுங்கள், அஜயைக் கூப்பிடுகிறேன். அவளுக்கு இதைவிட்டால் வேறு வேலை வந்து நிற்கவில்லை.

பாஞ்சாலி

-

நம்மியம்பட்டு
27 பிப்ரவரி 2025

பாஞ்சாலிக்கு,

என்னை ஜெயிப்பாளாமா? என் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு என்னையேவா? வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

பதினைந்து நாளாகப் பட்டறையைத் திறக்கவில்லை. மூன்று மோட்டார்கள் கம்பி அவிழ்ந்து கிடக்கின்றன, வந்து கேட்பவர்களுக்கெல்லாம் உன் பெயரைச் சொல்லி அனுப்புகிறேன். இந்த விஷயத்தைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. இங்கிலீஷில் எழுதியவன் இருக்கிறானே, ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நான்கு புதுக் கேள்விகளைக் கொண்டுவந்து போடுகிறான். சிக்னல் வேண்டி மேட்டு மாமரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். புரிந்ததைக் கேள்.

அந்தப் பெண் சொன்ன மூன்று கேள்விகளும் சரி. என் பெட்டி இப்போது மூன்றுக்கும் பதில் சொல்கிறது. நீ என்ன என்றால், எண் எழுதும் கட்டம் என்கிறது. பெயர் என்ன என்றால், எத்தனையாவது மூட்டை என்கிறது. உள்ளே என்ன என்றால், எடையைச் சொல்கிறது. எண் மாறினால் ரீடர் கேட்கும்வரை காத்திருப்பதில்லை, தானே மாறிவிட்டதாகத் தெரிவிக்கிறது. என் குரலை எடுத்துவிட்டேன். நல்ல குரல், கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

காகிதம் தீர்ந்தால் கட்டம் எதுவும் குறுக்கே வராது. திரையின் அடியில் ஒரு வரியாக வரும், ரீடர் அதைப் படிக்கும். தட்டுகிற விசை தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். ஒரு மூட்டையை அழிக்கும்போது மட்டும் 'அழிக்கவா?' என்று கட்டம் வந்து கேட்கும். பதில் சொன்னதும் ஃபோகஸ் எங்கிருந்து போனதோ அங்கேயே திரும்பி வரும். இது பிரிண்டருக்காகச் செய்தது, மாதம்மாளுக்காக இல்லை.

இனி டேப். டேப்பை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. மூட்டைக்கு மூட்டை போக என்டர்தான், அதை எவனும் மாற்ற முடியாது. ஆனால் டேப் வந்தால் பெட்டி இனி அதை விழுங்காது. தனக்கு வேண்டாம் என்று அடுத்த கட்டத்துக்கு அனுப்பிவிடும். ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் திரும்பி வரலாம்.

திரும்பி வரும்போது எங்கே வந்து நிற்பது? இதை எவனும் எழுதி வைக்கவில்லை. உன் அஜய் வைக்கச் சொன்ன ஆயத்தப் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். அது முதல் மூட்டையில் கொண்டுபோய் நிறுத்தியது. பதிந்துவிட்ட எடை மேல் புது எடை ஏறிவிடும்! என் பெட்டி விட்ட மூட்டையில் வந்து நிற்கும். மூட்டை உரசி டேப் அழுந்திவிட்டால்கூட இடம் தொலையாது. இரண்டு நாள் சோறு இறங்காமல் நானே யோசித்தது. இதற்கு மட்டும் எவனுக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

புது பென் டிரைவ் அதே கண்டக்டரிடம் இருக்கிறது.

ராஜாக்கண்ணு

-

கணியம்பாடி
4 மார்ச் 2025

அண்ணனுக்கு,

வந்தது. போட்டுக் கொடுத்தேன். நேற்று மதியம் முழுக்க அவள் என்னை ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. கூப்பிடுவாள் என்று நான் இரண்டு வகுப்பை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். "பொட்டி எப்படி கீது?" என்றேன். "இன்னா பொட்டி மேடம்? நான் மூட்ட எண்ணிகினு கீறேன், பேசாதீங்க" என்றாள்.

சதீஸ்குமார் போன் செய்தார். அவர் மனதில் இருப்பதை மறைக்கவில்லை: "மேடம், நல்ல பொண்ணுதான். ஆனா கண்ணு தெரியாதவ ஒரு மூட்டைய தப்பா போட்டுட்டா, மலையே தெரண்டு வந்து எங்கிட்ட சண்ட போடும். நான் நல்லா சோதிச்சிதான் எடுப்பேன்." சோதிக்கட்டும். எப்படிச் சோதிப்பார் என்று சொல்லவில்லை.

எட்டாம் தேதியன்றுதான் என் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசுத் தட்டச்சுத் தேர்வு. என்னால் வர முடியாது. முதல் நாள் மாலைப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், நீங்கள் போய் இறக்கிக்கொள்ளுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் தோளை அவள் பிடித்துக்கொள்வாள். சோதனை நடக்கும்போது பெட்டிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். உங்கள் மூச்சுச் சத்தமே அவளுக்குக் கேட்கும்.

நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நன்றாக நடந்தது என்று ஒற்றை வரியில் எழுதினால் மாதம்மாளைக் கேட்டுக்கொள்வேன்.

பாஞ்சாலி

-

நம்மியம்பட்டு
11 மார்ச் 2025

பாஞ்சாலிக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும், "பொட்டிக்காரரா?" என்றாள். ஆமாம் என்றேன். "கேட்ட கொரல்தான்" என்றாள். திமிர் பிடித்த பெண். உன்னிடம் படித்தவள் வேறு எப்படி இருப்பாள்.

நான் பக்கத்தில் உட்காரவில்லை. புளி அடுக்கியிருந்த மூலையில் நின்றேன். சிங்காரம் கூவ ஆரம்பித்தான். அன்றைக்கென்று வேகமாகக் கூவினான். அவனுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களோ, இல்லை கூட்டத்தைப் பார்த்து வந்த மிடுக்கோ, தெரியாது. அவள் இடது கை மூட்டையின் வாயில், வலது கை விசையில். தட்டுவது தெரிகிறது, அவள் நிறுத்துவது தெரியவில்லை. நடுவில் ஒரு மூட்டைக்கு, "அண்ணே, கொஞ்சம் ஒரக்க" என்றாள். அவன் கூவியதைத் திருப்பிச் சொல்ல மாட்டானே என்று ஒரு அடி முன்னால் வைத்துவிட்டேன். "இத்த இல்ல, இனிமே வர்றத" என்றாள். போட்டிருந்தாள். அந்த எடையைச் சரியாகத்தான் போட்டிருந்தாள்.

பாதியில் சதீஸ்குமார் எழுந்து வந்தார். சத்தம் இல்லாமல் அவள் பின்னால் நின்றார். மவுஸை மெல்ல எடுத்து, விவசாயி பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு சொடுக்கு. அவ்வளவுதான். ஃபோகஸ் என் பெட்டியை விட்டுப் போய்விட்டது. அடுத்த எடையை அவள் தட்டினால் மாதம்மாள் பெயருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். என் வாய் திறந்துவிட்டது. உன் பேச்சு ஞாபகத்துக்கு வந்து மூடிக்கொண்டேன்.

அவள் விரல் எண் விசைக்கு மேலேயே நின்றது. தலையைத் திருப்பவில்லை.

"யாரு சார் மவுஸ தொட்டது?" என்றாள்.

சதீஸ்குமார் மவுஸை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். "வேல நடக்கறப்ப என்ன பேருக்குத் தள்ளிட்டீங்க. மாதம்மாக்கா பேருல முப்பத்தி நாலுன்னு சேத்திருந்தா, அக்கா ஒங்கள சும்மா வுடுமா?" என்றாள். மாதம்மாள் அங்கேயேதான் இருந்தாள். "வுடுவனா நானு!" என்று எழுந்தே விட்டாள். கூரை அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

பிறகு அவள் மூட்டையை விட்டுவிட்டு இடது கையைக் கொண்டுவந்தாள். டேப்பைத் தட்டினாள். ஒரு தட்டு, இன்னொரு தட்டு, மூன்றாவது தட்டு. என் பெட்டிக்குள் வந்தாள். விட்ட மூட்டையிலேயே வந்து நின்றாள். சிங்காரம் கூவி வைத்திருந்த முப்பத்து நாலைப் போட்டு என்டரைத் தட்டினாள். "அடுத்தது, அண்ணே" என்றாள்.

டேப் தட்டியதை நான் பார்த்தேன். நீ இதை எங்கும் சொல்லிக்கொண்டு திரியாதே.

கடைசியில் சதீஸ்குமார் எடைச் சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஒன்றும் தப்பில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, "மவுஸ நான்தாம்மா தொட்டேன், தப்பா எடுத்துக்காத" என்றார். வேலை ஆணையை அங்கேயே எழுதிக் கொடுத்தார். நேற்று வேலையில் சேர்ந்துவிட்டாள்.

ஊரில் இப்போது ஒரே பேச்சு அவள் காதைப் பற்றித்தான். காதுக்கு மை வைக்க வேண்டும் என்கிறாள் மாதம்மாள். ஃபோகஸ் நகர்ந்ததை அந்தக் காதுக்குச் சொன்னது எது, விட்ட மூட்டையில் கொண்டுவந்து நிறுத்தியது எது என்று ஒருவனும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டிய நிலையில் என் வேலை இல்லை.

வேகத்தில் என்னோடு போட்டி போட்டாளா என்று கேட்பாய். போட்டோம். அதைப் பற்றி மாதம்மாளைக் கேட்டுக்கொள்.

நேற்று வேலை முடிந்து பட்டறைக்கு வந்தாள். "பெரியப்பா, ரீடர் மூட்ட நம்பர மொதல்ல சொல்லுது, எடைய அப்பறம் சொல்லுது. எனக்கு எடதான் மொதல்ல வேணும். மாத்துங்க" என்றாள். அது யோசித்து வைத்த வரிசை, இரண்டு நாள் பட்டினி கிடந்து செய்த பெட்டி, நேற்று வந்தவள் சொல்லி ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.

மாற்றி முடிக்க வெள்ளிக்கிழமை ஆகும்.

ராஜாக்கண்ணு